இடது காலுக்கு ஓய்வு, கவனத்திற்கு அல்ல!



கார் ஓட்டப் பழகுவோரை முன்பெல்லாம் காதாலேயே கண்டுகொள்ளலாம். எஞ்சின் உறுமும், வண்டி குலுங்கும், நாலடி நகர்ந்து பொசுக்கென்று நின்றுவிடும். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரனை அலறவிடுவார். மீண்டும் சாவியைத் திருப்ப வேண்டும். மீண்டும் கிளட்சை மிதிக்க வேண்டும். மீண்டும் முதல் கியர். இரண்டு கால்களையும் இடது கையையும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று இசைவாக இயக்க வேண்டிய இந்த வித்தைக்கு அஞ்சி, 'இது நமக்கு ஒத்துவராது' என்று பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர்! நம் வீட்டுப் பெண்களும், ஐம்பதைக் கடந்த பெரியவர்களும் அவர்களுள் அடக்கம்.

இன்று அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கிளட்ச் பெடல் இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கார்கள் நம் சிற்றூர்களின் வாசல்களிலும் வந்து நிற்கின்றன. வளைகுடாவில் உழைக்கும் கணவர் விடுமுறையில் வருகிறார். வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் உதவுமே என்று ஒரு காரை வாங்கி நிறுத்துகிறார். விமானம் ஏறுமுன் மனைவியிடம் சொல்கிறார்: "இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? ஸ்கூட்டி மாதிரிதான். மிதித்தால் போகும், விட்டால் நிற்கும்."

இச்சொல்லின் முற்பாதி உண்மை. பிற்பாதி உண்மையன்று. அந்தப் பிற்பாதியைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன். ஏனெனில், உயிர்களின் பாதுகாப்பு அதில்தான் அடங்கியிருக்கிறது.

எப்படி வந்தது இவ்வசதி?

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஹைட்ரா-மேட்டிக்' என்னும் கியர்பெட்டியை உருவாக்கி, 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெருமளவில் உற்பத்தியான முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுவே. எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையே கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெயை நிறுத்தியதே அதன் நுட்பம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும் அன்றோ? காற்று செய்யும் அதே வேலையை ஒரு மூடிய பெட்டிக்குள் எண்ணெய் செய்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களை மனத்திற்கொண்டு 1905இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது.

பின்னர், நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் பட்டையும் கப்பியும் கொண்டு கியரே இல்லாமல் இயங்கும் காரைத் தந்தது. நம் நாட்டில் 1984இல் வெளிவந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரும் இத்தகைய பட்டை முறையில் இயங்கியதே. கியர் இல்லாத அந்த ஸ்கூட்டர்களும் அவற்றின் வழியில் வந்தவையுமே நம் பெண்கள் பலரைத் துணிந்து சாலைக்கு வரச் செய்தன.

கார்களில் மட்டும் இவ்வசதி நெடுங்காலம் செல்வந்தர்க்கே உரியதாக இருந்தது. 2014இல் மாருதி செலேரியோ வந்தபோது நிலைமை மாறத் தொடங்கிற்று. சாதாரணக் கியர்பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளட்சை அழுத்தும் வேலையையும் கியரை மாற்றும் வேலையையும் ஒரு சிறு கருவியிடம் ஒப்படைக்கும் ஏ.எம்.டி. முறை அதில் இடம்பெற்றது. நடுத்தரக் குடும்பத்தாரும் நினைத்துப் பார்க்கக்கூடிய விலையில் ஆட்டோமேட்டிக் கிடைத்தது. இப்போது பெருகிவரும் மின்சாரக் கார்களிலோ, ஓட்டுபவர் கியர் மாற்றும் தேவையே இல்லை. எனவே, இரண்டு பெடல் வண்டியை முறையாக ஓட்டக் கற்பது இனி எல்லோருக்குமே வேண்டிய ஒன்றாகிவிட்டது.

விட்டால் நிற்குமா?

ஸ்கூட்டரின் கைப்பிடியைத் திருகாமல் விட்டால் எஞ்சின் தணியும்; உள்ளிருக்கும் கிளட்ச் தானே விலகிக்கொள்ளும். சமதளத்தில் நிற்கும் ஸ்கூட்டர் நின்றபடியே இருக்கும். ஆட்டோமேட்டிக் கார் அப்படியன்று. கியர் நெம்புகோலை 'டி' என்னும் இடத்தில் வைத்து, பிரேக்கிலிருந்து பாதத்தை எடுத்துப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி ஊர்ந்து செல்லத் தொடங்கும். சமதளத்தில் பொதுவாக மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வரை அவ்வேகம் இருக்கும். விரைந்து நடக்கும் மனிதரின் வேகந்தானே என்று எண்ணிவிடாதீர்கள். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இரும்பு அந்த வேகத்தில் வருகிறது. முன்னால் நிற்பது மூன்று வயதுக் குழந்தையாக இருந்தால்?

இங்கேதான் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை நாம் உணர வேண்டும். கிளட்ச் உள்ள வண்டியில் பழகுபவர் தவறு செய்தால் பெரும்பாலும் எஞ்சின் அணைந்துவிடும். அது எரிச்சலூட்டும்தான், ஆயினும் தவறு செய்தவரை வண்டியே தடுத்து நிறுத்தியது. ஆட்டோமேட்டிக் வண்டியோ குலுங்குவதில்லை, அணைவதில்லை, எச்சரிப்பதுமில்லை. பழைய வண்டி, நீங்கள் ஒன்றைச் சரியாகச் செய்தால்தான் ஒழுங்காக நகர்ந்தது. இந்த வண்டி, நீங்கள் ஒன்றைச் செய்யத் தவறினாலே நகர்ந்துவிடும். செய்யத் தவறக்கூடாத அந்த ஒன்று, பிரேக்கின் மீது பாதத்தை வைத்திருத்தல்.

வீட்டு வாசலில் அன்றாடம் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கேட்டைத் திறப்பதற்காக, எஞ்சினை நிறுத்தாமல் 'டி'யில் வைத்தபடியே ஒருவர் இறங்குகிறார். பின்னிருக்கையில் அழும் பிள்ளைக்குப் பால்புட்டியை எடுத்துக் கொடுக்க ஒரு தாய் உடலைத் திருப்புகிறார். பாதம் பிரேக்கிலிருந்து நழுவுகிறது. கீழே விழுந்த கைப்பேசியை எடுக்க ஒருவர் குனிகிறார். இவர்கள் எவரும் வேகமாக ஓட்டியவர்கள் அல்லர். வண்டி நின்றுவிட்டது என்று நம்பியவர்கள். நின்றிருந்தது வண்டியன்று, அவர்களது பாதந்தான் அதனை நிறுத்தி வைத்திருந்தது.

எனவே முதல் பாடம் இதுவே: பாதத்தைப் பிரேக்கிலிருந்து எடுக்குமுன், பார்க்கிங் என்னும் 'பி'யில் நெம்புகோல் இருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் இழுக்கப்பட்டிருக்க வேண்டும். இறங்குவதாயின் எஞ்சினும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஏ.எம்.டி. கார்கள் பலவற்றில் 'பி' என்னும் இடமே கிடையாது என்பதையும் நினைவிற்கொள்க. அவற்றை 'என்'னில் விட்டு இறங்கினால் ஹேண்ட்பிரேக் ஒன்றே பிடிமானம். அத்தகைய வண்டியை எந்தக் கியரில் வைத்து நிறுத்த வேண்டும் என்பதை அதன் கையேட்டைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

மின்சாரக் கார்களில் சில இதற்கு நேர்மாறானவை. ஆக்ஸிலரேட்டரை விட்டதுமே தாமாக வேகம் தணிந்து நின்றுவிடுமாறு அவற்றை அமைத்துக்கொள்ளலாம். அதிலே பழகிய பாதம் பிரேக்கையே மறந்துபோகும் ஆபத்து உண்டு. தவிர, மெதுவாகச் செல்லும்போது அவற்றின் ஓசை மிகக் குறைவு. தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு வண்டி வருவது கேட்காது. நாம்தான் அவர்களைக் காண வேண்டும்.

இரண்டு பெடல், ஒரே பாதம்

ஆட்டோமேட்டிக் காரில் வலப்புறம் இருப்பது ஆக்ஸிலரேட்டர்; அதன் இடப்புறம் அகலமாக இருப்பது பிரேக். இரண்டையும் வலது பாதம் ஒன்றே இயக்க வேண்டும். இடது பாதம் தன் ஓரத்தில் ஓய்ந்திருக்க வேண்டும்.

'கால்கள் இரண்டு, பெடல்கள் இரண்டு. ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டால் என்ன?' என்று கேட்போர் உண்டு. ஒரே பாதம் இரண்டையும் இயக்கும்போது, ஒன்றை மிதிக்க மற்றதை விட்டே ஆக வேண்டும். இரு பாதங்களும் தயாராக இருந்தால், திடுக்கிடும் நேரத்தில் இரண்டும் ஒருசேர அழுத்திவிடும். அதுமட்டுமன்று. நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் கிளட்ச் உள்ள வண்டியிலேயே கற்பிக்கிறார்கள். அங்கே பழகிய இடது காலுக்கு ஓங்கி மிதிப்பதே வழக்கம். வீட்டுக்கு வந்து ஆட்டோமேட்டிக் காரில் அமர்ந்ததும், அந்தக் கால் இல்லாத கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். வண்டி அந்த இடத்திலேயே அறைந்தாற்போல் நிற்கும். பின்னால் வருபவர் மோதுவார். பயிற்சி வண்டியிலிருந்து சொந்த வண்டிக்கு மாறும் முதல் சில நாட்கள் மிகுந்த எச்சரிக்கைக்குரியவை. இடது காலை இருக்கையை ஒட்டிப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொள்வது அப்போது நல்லது.

இதனினும் பெரிய ஆபத்து, பிரேக் என எண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடுவது. 'அப்படியும் நடக்குமா?' என வியக்க வேண்டா. 1980களில் அமெரிக்காவில் 'ஆடி 5000' என்னும் ஜெர்மானியக் கார் தானாகவே சீறிப் பாய்கிறது என்று பலர் முறையிட்டனர். 1986இல் தொலைக்காட்சியிலும் அது பெரும் பரபரப்பாயிற்று. அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை, பல நிறுவனங்களின் கார்களையும் ஆராய்ந்து 1989இல் அறிக்கை வெளியிட்டது. பழுது ஏதும் காணப்படாத நிகழ்வுகளில், ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்பது அதன் முடிவு. சில கார்களில் எஞ்சின் வேகம் சற்றே தானாக ஏறி ஓட்டுநரைத் திடுக்கிடச் செய்திருக்கலாம் என்றும் அது கூறியது. பிரேக்கை மிதித்தாலன்றி நெம்புகோலைப் 'பி'யிலிருந்து நகர்த்த முடியாதபடி பூட்டு அமைக்கும் முறை பரவியது இதன் பிறகுதான்.

அண்மைக் காலத்துத் துயரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 19 அன்று ஜப்பானியத் தலைநகர் டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில், 87 வயது முதியவர் ஓட்டிய கார் கட்டுப்பாடிழந்து பாய்ந்தது. சைக்கிளில் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஓர் இளந்தாயும் அவருடைய மூன்று வயது மகளும் அவ்விடத்தே உயிரிழந்தனர். பிரேக் பிடிக்கவில்லை என்றே அம்முதியவர் வாதிட்டார். ஆனால், அவர் மிதித்தது பிரேக்கையன்று, ஆக்ஸிலரேட்டரையே என்று நீதிமன்றம் கண்டு, 2021 செப்டம்பரில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பிரேக்கை மிதிக்கிறோம் என்று மனம் உறுதியாக நம்பும்போது, வண்டி நிற்கவில்லையே என்று பாதம் இன்னும் பலமாக அழுத்துகிறது! வண்டியோ இன்னும் வேகமாகப் பாய்கிறது. இத்தவற்றின் கொடுமை இதுவே.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. குதிகால் பிரேக்கிற்கு நேரே தரையில் ஊன்றியிருக்கட்டும். ஆக்ஸிலரேட்டருக்குப் பாதத்தின் முன்பகுதி மட்டும் சாயட்டும். ஆக்ஸிலரேட்டர் தேவைப்படாத ஒவ்வொரு நொடியிலும் பாதம் பிரேக்கின் மேலேயே திரும்பி வந்து நிற்கட்டும். பின்னோக்கிச் செல்கையில் உடலைத் திருப்பிப் பார்ப்போம். அப்போது இடுப்போடு சேர்ந்து காலும் திரும்பி, பாதம் இடம் மாறிவிடும். எனவே ரிவர்ஸ் எடுக்கும்போது ஆக்ஸிலரேட்டரை நாடாமல், பிரேக்கை மெல்லத் தளர்த்தி, ஊர்ந்து செல்லும் வேகத்திலேயே செல்லுங்கள். எதிர்பாராமல் வண்டி சீறினால், பாதத்தை முழுவதுமாக மேலே தூக்குங்கள்; பிறகு பிரேக்கைத் தேடி மிதியுங்கள்.

உடையும் காலணியும் கவனிக்கத்தக்கவை. தளர்ந்த ரப்பர் செருப்பு பெடலின் அடியில் சிக்கும். புடவையின் கொசுவமும் பர்தாவின் விளிம்பும் பெடல்மீது படியாதபடி ஒதுக்கி அமர வேண்டும். முகத்திரை அணிவோர் இருபுறப் பார்வை மறைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் புட்டியைக் காலடியில் போடாதீர்கள். அது உருண்டு பிரேக்கின் அடியில் புகுந்தால் பிரேக் இறங்காது.

எந்த வரிசையில் கற்பது?

ஆட்டோமேட்டிக் காரில் பழகுவோர் முதல் நாளே சாலைக்குப் போய்விடுகிறார்கள். போக முடிகிறது என்பதே இதற்குக் காரணம். ஆனால் போகக் கற்பதற்கு முன் நிற்கக் கற்க வேண்டும்.

முதல் நாள், எஞ்சினை இயக்காமலேயே அமருங்கள். பிரேக்கை அடிவரை அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்குமாறு இருக்கையை அமைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிகளைச் சரிசெய்யுங்கள். 'பி' நிறுத்தி வைப்பதற்கு, 'ஆர்' பின்னால் செல்வதற்கு, 'என்' எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பற்ற நிலைக்கு, 'டி' முன்னால் செல்வதற்கு. பார்க்காமலே பாதம் பிரேக்கைக் கண்டடையும்வரை பலமுறை பழகுங்கள்.

இரண்டாம் நாள், ஆளரவமற்ற திறந்த மைதானத்திற்குச் செல்லுங்கள். 'பிஸ்மி' சொல்லி எஞ்சினை இயக்குங்கள். அன்று முழுவதும் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டா! பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி ஊரும், அழுத்தினால் நிற்கும். ஒரு கல்லையோ கோட்டையோ குறி வைத்து, அதன் அருகில் குலுங்காமல் நிறுத்திப் பழகுங்கள். முன்னால் பத்து முறை, பின்னால் பத்து முறை. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால், வண்டியை அடக்கும் உறுப்பு பிரேக் என்பதைப் பாதம் அன்றுதான் கற்றுக்கொள்கிறது.

அதன் பின்னரே ஆக்ஸிலரேட்டர். முட்டையின் மேல் பாதம் வைப்பதுபோல் மென்மையாக அழுத்துங்கள். ஏ.எம்.டி. வண்டி கியர் மாற்றும்போது ஒரு கணம் தயங்கும். அதைக் கண்டு மேலும் அழுத்தாமல், பாதத்தைச் சற்றே தளர்த்தினால் குலுக்கம் குறையும். பிறகு அமைதியான சாலை. அதன் பிறகே கடைத்தெரு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரே நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும் என்பதை மறவாதீர்கள். ஆபத்தைக் கண்டு, பாதம் பிரேக்கிற்கு மாறும் அந்த ஒரு நொடியிலேயே இத்தனை தூரம் போய்விடும். ஜும்ஆ முடிந்து மக்கள் வெளிவரும் நேரத்திலும், மக்தப் விட்டுப் பிள்ளைகள் ஓடிவரும் நேரத்திலும் பள்ளிவாசல் தெருவில் எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்பதை இந்தக் கணக்கைக் கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்

சமதளத்தில் தேறியவரும் மலைப்பாதையில் புதியவரே. ஏற்றத்தில் நின்று புறப்படும்போது, ஏ.எம்.டி. வண்டிகள் சில பின்னோக்கி உருளக்கூடும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி, வண்டி முன்னேற முனைவதை உணர்ந்த பின் ஹேண்ட்பிரேக்கை விடுவது பாதுகாப்பானது.

இறக்கம் இன்னும் கவனத்திற்குரியது. 70 கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைப் பாதையில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டி'யிலேயே விட்டுவிட்டு வழிநெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பிரேக் சூடேறி அதன் பிடி தளர்ந்துவிடும். நெம்புகோலை 'எல்', '2' அல்லது 'எம்' என்று குறித்த இடத்திற்கு மாற்றி, தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எரிபொருள் மிச்சமாகும் என்றெண்ணி 'என்'னில் விட்டு இறங்குவது பெரும் பிழை. எஞ்சினின் பிடிப்பு போய்விடும். இக்கால எஞ்சின்களில் மிச்சமும் ஆகாது. தாழ்ந்த கியரில் இறங்கும்போதுதான் அவை எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன.

வண்டி முழுமையாக நிற்காமல் 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு மாற்றாதீர்கள். பேட்டரி இறங்கிவிட்டால், பழைய காரைப்போல் நாலு பேரை அழைத்துத் தள்ளி ஓடவிட முயலாதீர்கள், மெக்கானிக்கை அழையுங்கள். பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் அவசரப்படாதீர்கள். இயங்கு சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பெட்டி கெடக்கூடும்.

சட்டம் சொல்வது

நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, கார் ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் கடந்த பின்னரே தேர்வுக்குச் செல்ல முடியும். பழகும் வண்டியில் 'எல்' பலகை இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர், வண்டியைத் தடுத்து நிறுத்த இயலும்படி உடன் அமர்ந்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்பதால் இவற்றுள் ஒன்றும் தளர்த்தப்படவில்லை.

ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதியவர் அத்தகைய காரை மட்டுமே ஓட்டலாம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படியே. ஜப்பான் 1991இல் இதற்கெனத் தனி உரிமத்தையே ஏற்படுத்தியது. நம் சட்டமோ கியர் உள்ளது, இல்லாதது என்னும் பிரிவை இருசக்கர வாகனத்திற்கு மட்டுமே வைத்திருக்கிறது. காருக்கு அப்பிரிவு இல்லை. ஆகவே, ஆட்டோமேட்டிக் மட்டுமே அறிந்தவர் கிளட்ச் உள்ள காரில் ஏறி அமர்ந்தாலும் சட்டம் தடுப்பதில்லை. தடுக்க வேண்டியது அவரது மனச்சான்று. உறவினரின் கியர் காரைத் திருமண வீட்டு நெரிசலில் நகர்த்தித் தருகிறேன் என்று சாவியை வாங்குமுன், 'இதில் நான் பழகியிருக்கிறேனா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெருநாள் அன்று, "ஆட்டோமேட்டிக்தானே, தெருமுனைவரை போய் வரட்டும்" என்று பதினைந்து வயது மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தையர் இருக்கிறார்கள். சிறுவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. சட்டம் கிடக்கட்டும், அடிபட்ட அண்டை வீட்டுப் பிள்ளையின் தாய்க்கு என்ன மறுமொழி சொல்வது?

கற்பிப்பவர் கவனத்திற்கு

சவூதி அரேபியாவில் 2018 ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டும் உரிமை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சட்டத் தடை என்றுமே இருந்ததில்லை. இருந்ததெல்லாம் கிளட்சும், வீட்டாரின் கேலியுமே. கிளட்ச் போய்விட்டது, கேலியும் போகட்டும். நள்ளிரவில் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து, ஆண்துணை ஊரில் இல்லாத வேளையில், வாசலில் கார் நிற்க வாடகை வண்டிக்காகக் கைப்பேசியில் கெஞ்சிக்கொண்டிருக்கும் நிலை நம் வீடுகளில் இனி வேண்டா.

ஆனால், அவர்களுக்குக் கற்பிக்கும் முறை முக்கியம். "பார்த்துப் போ! பிரேக்! பிரேக்!" என்று பக்கத்து இருக்கையிலிருந்து கூவுவது கற்பித்தல் ஆகாது. திடுக்கிட்ட உடலில் கால்கள் விறைத்து நீளும். அப்போது அடியில் எந்தப் பெடல் இருக்கிறதோ அது அழுந்தும். நாம் மேலே கண்ட விபத்துகளுக்கு வித்தாவது இத்தகைய அதிர்ச்சியே. வகுப்பறையில் பல்லாண்டு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதட்டி வாங்கிய விடை அடுத்த நாள் நிலைப்பதில்லை. கணவரோ அண்ணனோ பொறுமையாகச் சொல்லித்தர இயலாதவராயின், தமக்கும் பிரேக் உள்ள வண்டியை வைத்திருக்கும் நல்ல பயிற்சியாளரிடம் விட்டுவிடுவதே மேல். பெண் பயிற்சியாளர் இருக்கும் ஊர்களில் அவர்களை நாடலாம். வீட்டு வண்டியிலேயே பழகுவதாயின், உடன் அமர்பவரின் வலது கைக்கு ஹேண்ட்பிரேக் எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். நெம்புகோலுக்குப் பதில் பொத்தான் உள்ள வண்டியாயின், அவசரத்தில் அது எப்படி இயங்கும் என்பதைக் கையேட்டில் படித்துத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

முதியோர்க்கும் இதே அன்பு தேவை. ஆட்டோமேட்டிக் கார் அவர்களின் மூட்டுவலிக்கு ஆறுதல்தான். ஆயினும், பார்வை மங்கி, கால் மரத்து, எதிர்வினை தாமதப்படும்போது, 'இனி நான் ஓட்டுகிறேன் அத்தா' என்று பிள்ளைகள் பக்குவமாகச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். டோக்கியோவின் அந்தச் சாலையில் நேர்ந்தது எந்த ஊரிலும் நேரலாம்.

அன்பர்களே! கிளட்சோடு போராடிக் கழித்த வாரங்கள் உங்களுக்கு மிச்சமாகியுள்ளன. பயிற்சியைச் சுருக்கிக்கொள்ள அவற்றைச் செலவிடாதீர்கள். நிறுத்தப் பழகவும், பின்னால் பார்க்கப் பழகவும், தெருவில் வரும் பிள்ளையின் கண்ணைப் பார்க்கப் பழகவும் செலவிடுங்கள். இன்று உங்கள் வீட்டில் எவரேனும் சாவியைக் கையில் எடுத்தால், இந்த ஒரு வரியை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: "மிதித்தால் போகும், விட்டாலும் போகும், பிரேக்கை மிதித்தால்தான் நிற்கும்."